ஸ்கூட்டர் தர மாட்டேன், பஸ்ஸில் போவோம்

சேலம், கோரிமேடு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கோல் இல்லாமல் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வந்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் என் மனைவியைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் நர்சிங் படிப்பை முடித்துவிட்டாள். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. எனக்குத்தான் முன்போல் குனிந்து நிமிர முடியவில்லை.

கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள் என்றதும் வீடே குளிர்ந்துவிட்டது. ஆனால் உன் மகன் என் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, மருமகளையும் பேத்தியையும் ஏற்றி ஏற்காடு போய்வருவான் என்று எழுதியிருக்கிறாய். ஸ்கூட்டரை நான் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

ஒவ்வொரு மே மாதமும் ஏற்காடு அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிற நாட்களில், பட்டறை திறக்கும் முன்பே இரண்டு மூன்று வண்டிகள் வாசலில் நிற்கும். “அண்ணா, பிரேக் பிடிக்கவே இல்லை” என்பார்கள். சக்கரத்தைக் கழற்றினால் டிரம்முக்குள்ளிருந்து கருகிய வாடை குப்பென்று வரும். டிரம்மை உள்ளிருந்து அழுத்தி வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூ சொரசொரப்பாக இருக்க வேண்டும். அதுவோ கண்ணாடி போல் பளபளத்துக் கிடக்கும். கட்டைவிரலை வைத்தால் வழுக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கிலிருந்து கையை எடுக்காமல் இறங்கினால் அப்படித்தான் ஆகும். சூடு ஏற ஏறப் பிடிப்பு போய்விடும். பலரும் மலை ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். இருபத்தெட்டு வருடமாக நான் பார்த்ததெல்லாம் இறங்கும்போது கெட்ட வண்டிகள்தான்.

கியர் வண்டியாக இருந்தால் ஏறின கியரிலேயே இறங்கலாம், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு வேகம் தணிந்தால், என்ஜினையும் சக்கரத்தையும் இணைக்கிற கிளட்ச் விலகி, இருந்த கொஞ்சமும் போய்விடும். அப்புறம் மொத்த பாரமும் பிரேக்கின் தலையில். அதில் இரண்டு பெரியவர்கள், நடுவில் மூன்று வயதுக் குழந்தை. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கிற பாதுகாப்பு பெல்ட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதையெல்லாம் வாங்கி மாட்டினாலும், இந்த மலைக்கு அந்த ஸ்கூட்டரில் அவளை அனுப்ப எனக்கு மனம் ஒப்பாது.

ஆகவே பேத்தி நம்மோடு பஸ்ஸில் வரட்டும். 2024 ஏப்ரல் 30 அன்று மேலிருந்து சேலத்துக்கு இறங்கிய பஸ் ஒன்று 13-வது வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போனதை நீயும் படித்திருப்பாய். இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது எனக்கு வயிறு பிசைகிறது. அப்படியிருந்தும் பஸ்ஸைச் சொல்கிறேன் என்றால், அந்த வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிற கை ஸ்டியரிங்கில் இருக்கிறது என்பதால்தான். ஆனால் உட்கார இடம் கிடைத்தால் மட்டுமே ஏறுவோம். நிரம்பி வழிகிற பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்போம்.

மகனுக்கு வண்டி ஓட்டியே தீர வேண்டும் என்றால் என் கியர் பைக்கைப் புது பிரேக் ஷூ போட்டு வைக்கிறேன். அவனும் மருமகளும் மட்டும். இருவரும் ஹெல்மெட் வார் மாட்டியிருக்க வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியர். நியூட்ரலில் உருட்டுகிற வேலையே கூடாது. ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். வளைவில் பஸ் திரும்பச் சாலை முழுவதும் தேவைப்படும், அந்த நேரத்தில் உள்பக்கம் நுழைந்துவிடக் கூடாது. குரங்குக்குத் தீனி போட வளைவில் நிறுத்துகிறார்கள் பார், அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வரும். பின்னால் வருகிறவனுக்கு அங்கே வண்டி நிற்பது எப்படித் தெரியும்? மாலையில் கோடை மழை பிடித்துக்கொண்டால் பனிமூட்டமும் சேர்ந்துவிடும், ஆகவே நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். கூட்டம் மிகுந்த நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி போலீசார் ஒருவழிப் பாதையாக்கிவிடுவதும் உண்டு. அதையும் அவனிடம் சொல்லி வை.

சனி, ஞாயிறு வேண்டாம், செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வாருங்கள். பேத்திக்கு வளைவில் குமட்டும், காலையில் அரை இட்லி போதும். கையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஸ்வெட்டரும் இருக்கட்டும். மல்கோவா வைக்கோலில் பழுத்துக்கொண்டிருக்கிறது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். ரயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுது, ஜங்ஷனுக்கு நானே வந்துவிடுகிறேன்.

என்றும் உன்,
பட்டறைக்காரன்