சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

வைப்பு, கடன், வட்டி பற்றிய கணக்குகளைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எமது ஊர்க் குடும்பங்கள் எவ்வாறு சேமிக்கின்றன, அந்தச் சேமிப்பு அவசரத்துக்கு ஏன் கைகொடுப்பதில்லை என்பதையே நான் இங்கு கூற விரும்புகிறேன்.

தோட்டக்காரரிடம் சேமிப்புப் பழக்கம் இல்லை என்ற பேச்சை நிர்வாக சபை ஏற்கவில்லை. விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தூக்கி வைத்த பின்பே மிகுதியைச் சந்தைக்கு அனுப்பும் குடும்பமும், சித்திரை வருடப்பிறப்பில் கிடைத்த கைவிசேடத்தைப் பிள்ளையின் கணக்கில் போடும் தாயும் சேமிக்கத் தெரிந்தவர்களே. மிஞ்சும் காசு பெரும்பாலும் நகையாகிறது, அல்லது சீட்டுக்குப் போகிறது. இதில் குறை காண முடியாது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. புத்தகத்தில் கிடந்த காசின் பெறுமதி கண்முன்னே கரைந்தபோது, கழுத்திலும் கையிலும் இருந்த தங்கம்தான் நின்று பிடித்தது.

ஆனால் தங்கத்தைச் சில்லறையாக மாற்ற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வாகனக் கூலியும் மருந்துச் செலவும் தேவைப்படும்போது முழுக் காப்பையும் அடைவு வைக்க வேண்டியிருக்கிறது. வட்டி ஏறி, மீட்க முடியாமற் போனால் அது ஏலத்துக்குப் போகிறது. சேரும் தொகையில் கூடுதலாக விட்டுக்கொடுப்பவரே எடுக்கும் கழிவுச் சீட்டிலோ, முந்தி எடுப்பவர் பெருங்கழிவு கொடுக்கிறார். நடத்துபவர் கைவிரித்தால் எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இந்த இரண்டு வழியும் அடைபட்ட இடத்தில்தான், நுண்நிதி நிறுவனங்கள் பெண்களைக் குழுவாக்கிக் கொடுத்து வாராவாரம் தவணை அறவிடும் கிழமைக்கடன் வாசலுக்கு வருகிறது. ஒருவர் தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும் என்பதால், அயலட்டைக்குள் முகம் பார்த்துக் கதைக்க முடியாத நிலையும் ஏற்படுகிறது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் இந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்தவே வந்தது. ஆயினும் 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட பகுதிப் பெண்களின் சிறு கடன்களை அரசே பொறுப்பேற்க நேர்ந்தது. கையிருப்பு இல்லாத வீட்டைச் சட்டத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இது எமது சங்கத்தையும் சாரும். தோட்டம் செய்யும் அங்கத்தவர்களின் சேமிப்புப் புத்தகங்களைப் புரட்டினால், வெங்காயம் கிண்டிய மாதங்களில் அடுத்தடுத்துப் பதிவுகள் இருக்கும்; பிறகு நீண்ட காலத்துக்கு ஒன்றும் இராது. மாதாந்தச் சந்தாவை ஒரே அளவாகக் கேட்கும் எமது நடைமுறை, மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். போகத்துக்குப் போகம் காசு காணும் குடும்பத்துக்குப் பொருந்தாது. கூலிக்குப் போகும் பெண்களுக்கோ நாளாந்தம் சிறுதொகையாகக் கட்டுவதே இலகு. அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் எமது காரியாலயம் பூட்டியிருக்கிறது.

எனவே நிர்வாக சபை இரண்டு தீர்மானங்களைப் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறது. முதலாவது, அறுவடைக் காலத்தில் அங்கத்தவரின் வீட்டுக்கே சென்று சேமிப்பைப் பெற்று, அவர் முன்னிலையிலேயே புத்தகத்தில் பதிந்து ஒப்பமிட வேண்டும். ஏனைய மாதங்களில் சந்தா தவறினால் தண்டப்பணம் அறவிடக்கூடாது. மற்றையது, ஒவ்வொருவரின் வைப்பிலும் ஒரு பகுதியை அவசரச் சேமிப்பாக ஒதுக்கி, நிர்வாக சபைக் கூட்டத்துக்குக் காத்திராமல் அன்றைக்கே எடுக்க இடமளிக்க வேண்டும். அப்பகுதிக்கு வட்டி சற்றுக் குறையும். அதை முன்கூட்டியே அங்கத்தவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

காரியாலயத்தை மாலையிலும் திறப்பதற்கு முன்வந்த இளம் அங்கத்தவர்களுக்கு எமது மனமார்ந்த நன்றிகள். இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்