செல்வத்துக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்

பாஸ்கர்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சி குழந்தைக்குப் பெயர் வைத்ததைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

செல்வத்துக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயின் அடைப்பை விரித்து வைக்க ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைத்திருக்கிறார்கள். தேறிவிட்டான், பழைய வாய் அப்படியே இருக்கிறது. ஆனால் 42 வயதுடா அவனுக்கு! பார்க்கப் போயிருந்தேன். மனைவி மருந்து வாங்க நகர்ந்ததும், புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நீவிக்கொண்டே சொன்னான்: "ரெண்டு வருஷமாவே அந்த விஷயம் சரியில்லடா. யார்கிட்ட சொல்றது?" டாக்டர் தானாகக் கேட்டபோதுதான் வாயைத் திறந்தானாம். உன்னிடம் சொல்லச் சொன்னதும் அவன்தான்.

நீயும் போனில் அதையேதானே சொன்னாய், விறைப்பு சரியாக வருவதில்லை என்று? ஆபீஸ் டென்ஷன், ஆன்லைனில் மாத்திரை வரவழைக்கிறேன் என்று. வேண்டாம்டா. முதலில் இதைக் கேள்.

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான். இதயத்துக் குழாய் 3, 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிவது உடம்பு முழுக்க நடக்கிற காரியம். சின்னக் குழாய் முதலில் திணறுகிறது. அடைப்பே இல்லாமலும் கோளாறு வரும். குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால்தான் குழாய் தளர்ந்து விரியும். சிகரெட், சர்க்கரை, பிரஷர் மூன்றும் கைவைப்பது அந்த உள்சுவரில்தான். அதனால் பலருக்கு நெஞ்சுவலிக்கு 2 முதல் 5 வருடம் முன்பே விறைப்பு குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. நாற்பதுகளில் இந்தக் குறை உள்ளவர்களுக்கு இதயநோய் வந்தது, குறை இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 50 மடங்கு. எழுபது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. நம் வயதில்தான் இது அவ்வளவு பெரிய எச்சரிக்கை.

மனசும் காரணமாகலாம், இல்லையென்று சொல்லவில்லை. திடீரென்று ஆரம்பித்து, காலையில் விழிக்கும்போது விறைப்பு வழக்கம்போல இருந்தால் பெரும்பாலும் மனசுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து காலையிலும் இல்லையென்றால் ரத்தக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். நீ எந்த ரகம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் சொல்.

மாத்திரை மேல் எனக்குக் கோபமில்லை. வயாக்ராவில் இருக்கிற சில்டனாஃபில் மருந்தை முதலில் சோதித்ததே நெஞ்சுவலிக்காகத்தான். டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்து. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற நைட்ரேட்டோடு சேர்ந்தால் பிரஷர் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. நீயாக வாங்கி விழுங்கினால் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? காரணமும் உள்ளேயே கிடக்கும்.

உன் அப்பா போனபோது அவருக்கு என்ன வயது? அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்க்கச் சொல்வார். தேவைப்பட்டால் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கிற டிரெட்மில் டெஸ்ட். சிகரெட்டைப் பற்றி நான் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன், அவரே திட்டட்டும்.

இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கு. நேரத்தை மட்டும் அனுப்பு, லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன். சுதாவிடம் இன்றைக்கே பேசு. நீ விலகிப் படுப்பதற்கு அவள் வேறு ஏதாவது காரணம் நினைத்து அழுதுகொண்டிருக்கப் போகிறாள்.

உன்,
குமார்