இறுகிப்போன பூட்டைக் குறடு போட்டுத் திருகாதீர்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் எங்கள் மேசைக்கு ஒரே மாதிரியான பூட்டுகள் வரும். வெளி கேட்டில் தொங்கியது, மோட்டார் அறையில் தொங்கியது, மாதக்கணக்கில் யாரும் தொடாதது. அவற்றில் பலவற்றில் பாதிச் சாவி உள்ளே உடைந்து நிற்கும், மீதிப் பாதி கொண்டுவந்தவர் கையில் இருக்கும். பூட்டு விற்பதுதான் எங்கள் தொழில் என்றாலும், கொஞ்சம் எண்ணெயும் அரை நாள் பொறுமையும் இருந்தால் திறந்திருக்கும் நல்ல பூட்டைக் குப்பையில் போடுவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம், சாவி திரும்பவில்லை என்றால் குறடு வைத்துத் திருகாதீர்கள். சாவி பெரும்பாலும் பித்தளை, அதில் பல் ஆழமாக வெட்டிய இடம்தான் ஆக மெலிந்த இடம், அது விரல் பலத்தைத் தாங்கும், குறட்டின் பலத்தைத் தாங்காது. நாங்களே ஒருமுறை எங்கள் பின்பக்க கேட்டில் அவசரத்தில் இப்படிச் செய்து சாவியை முறித்திருக்கிறோம். எண்ணெய் விட்டுவிட்டு ஒரு டீ குடித்து வந்திருந்தால் திறந்திருக்கக்கூடிய பூட்டு அது, கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம்.

பூட்டு ஏன் இறுகுகிறது? உள்ளே சின்னச் சின்னப் பின்கள், ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய ஸ்பிரிங். சாவி அந்தப் பின்களைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நடு உருளை சுற்றும். அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மிகமிகக் குறைவு, தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்த பிசுக்கு கொஞ்சம் படிந்தாலே பின் நகராது. வளையத்தின் கதை வேறு. உடல் பித்தளையாக இருந்தாலும் வளையம் பெரும்பாலும் எஃகு. பித்தளை துருப்பிடிக்காது, எஃகு பிடிக்கும், அந்தத் துரு தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். வளையத்தின் கால் துளைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடுவது அதனால்தான்.

ஆகவே எது இறுகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சாவியே உள்ளே போகவில்லையா, அப்படியானால் துளைக்குள் மண்ணோ குளவிக் கூடோ இருக்கலாம், எண்ணெய் விடுவதற்கு முன்னால் மெல்லிய கம்பியால் கிளறி, காற்றடித்து வெளியே தள்ளுங்கள், முதலிலேயே எண்ணெய் விட்டால் மண் சேறாகி இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சாவி போகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால், பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். தினமும் புழங்கும் சாவியின் பற்கள் தேய்ந்திருக்கும், புழங்காத சாவி சட்டென்று திறந்துவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். சாவி திரும்புகிறது, வளையம்தான் மேலே வரவில்லை என்றால் சாவித் துளையில் எண்ணெய் விட்டுப் பயனில்லை, வளையம் உள்ளே நுழையும் இரண்டு துளைகளிலும் விட வேண்டும்.

எந்த எண்ணெய்? துருவை இளக்கும் ஸ்ப்ரேதான் நல்லது, நீளமான குழாயை மாட்டி உள்ளே வரை அடியுங்கள். டபிள்யூடி-40 எல்லாருக்கும் தெரியும், 1953இல் தண்ணீரை விரட்டும் திரவம் ஒன்றுக்காகச் செய்த 40ஆவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள், அதனால் இறுகியதை இளக்க அது கைகொடுக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், நீண்ட நாள் மசகாக அதை நம்ப வேண்டாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போதும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அன்றைக்குத் திறக்கும், சில மாதத்தில் உள்ளே பசையாகிவிடும், அந்தப் பூட்டைச் சுத்தம் செய்வது துருப்பிடித்த பூட்டைச் சுத்தம் செய்வதைவிடப் பெரிய பாடு.

அடித்தவுடனே திருகிப் பார்க்காதீர்கள். கால் மணி நேரமாவது விடுங்கள், மோசமாக இருந்தால் ராத்திரி முழுக்க ஊறட்டும், நடுவில் இன்னொரு தடவை அடியுங்கள். அப்புறம் மரச்சுத்தியாலோ ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியாலோ பூட்டின் உடலை நாலு பக்கமும் மெல்லத் தட்டுங்கள், அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். சாவியைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, பத்துப் பதினைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் துணியில் துடைத்து. பிறகு வளையத்தை உடலுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியை இப்படியும் அப்படியும் மெதுவாக அசையுங்கள். இதில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், ஒரு கையால் வளையத்தை வெளியே இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் திருகுகிறார்கள், இழுக்க இழுக்க, வளையத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும் கொக்கி அதன் காலில் உள்ள வெட்டில் இன்னும் அழுந்தும், சாவி திரும்பாது. கேட்டின் பாரமோ சங்கிலியின் இழுப்போ பூட்டின் மேல் இருந்தாலும் இதே கதைதான், கேட்டைக் கொஞ்சம் தூக்கியோ தள்ளியோ யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

லைட்டரால் சூடு காட்டும் வழக்கம் சிலருக்கு உண்டு. ஸ்ப்ரே அடித்த பூட்டில் அது நிச்சயம் ஆபத்து, தீப்பிடிக்கும்.

சாவி உள்ளேயே முறிந்துவிட்டால் மீதித் துண்டை விட்டுக் குத்தாதீர்கள், பசை தடவி ஒட்டி இழுக்கவும் பார்க்காதீர்கள், பசை பின்களுக்குள் போய்விட்டால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. சாவித் துளை நேராக நின்றால் துண்டு வரும், பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் முதலில் நேராக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெல்லிய ரம்பப் பிளேடு ஒன்றைப் பற்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி ஓரமாகச் செருகி, மாட்டி இழுத்தால் பல நேரம் வந்துவிடும்.

எதுவும் நடக்கவில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எதை வெட்டுவது என்று யோசித்து வெட்டுங்கள். கடினப்படுத்திய எஃகு வளையத்தில் ஆக்ஸா பிளேடு வழுக்கிக்கொண்டே போகும், பக்கத்தில் இருக்கும் சங்கிலியோ நாதாங்கியோ சாதாரண இரும்பாக இருந்தால் அதை வெட்டி மாற்றுவது எளிது. வளையத்தைத்தான் வெட்ட வேண்டும் என்றால், சில பூட்டுகளில் இரண்டு கால்களையும் உள்ளே பிடித்திருக்கும், ஒரு பக்கம் வெட்டினால் போதாது. கட்டிங் மெஷின் எடுப்பதற்கு முன்னால் கண்ணாடி போடுங்கள், அடித்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், பொறி பறக்கும்.

திறந்துவிட்டதா, சரி, அப்படியே திரும்ப மாட்டாதீர்கள். ஸ்ப்ரே அடித்துக் கறுப்பு அழுக்கு வருவது நிற்கும் வரை கழுவி, தலைகீழாக வைத்துக் காயவிட்டு, சாவித் துளைக்குள் கொஞ்சம் கிராஃபைட் தூள், அதாவது பென்சில் முனையில் இருக்கும் அந்தக் கறுப்புப் பொருளின் தூள், போடுங்கள். கிராஃபைட் போட்டால் அதன் மேல் எண்ணெய் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் களிம்பாகிவிடும். எண்ணெய்தான் என்றால் எண்ணெய் மட்டும். மாட்டும்போது சாவித் துளை கீழே பார்க்கட்டும், உடலின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அது தண்ணீர் வடிய வைத்தது, தூசி போகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள். மழைக்கு முன்னால் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை, தேவை இருக்கிறதோ இல்லையோ பூட்டைத் திறந்து மூடுங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை மாதம் ஒருமுறை செய்யுங்கள், அடுத்து வாங்கும்போது வளையம் ஸ்டெயின்லெஸ் எஃகா என்று கேட்டு வாங்குங்கள்.

எங்களிடம் கொண்டுவருவதாக இருந்தால் அந்தப் பூட்டின் எல்லாச் சாவிகளையும், உடைந்த துண்டு உட்பட, எடுத்து வாருங்கள். துண்டு கையில் இருந்தால் அதைப் பார்த்தே புதுச் சாவி வெட்டிவிடலாம்.