டஸ்கனிக் குன்றுகளில் ஓட வரும் தமிழ் ஓட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்ட நண்பர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் பியென்சா ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஓடுவதற்கென்றே லீவு போட்டுக்கொண்டு லண்டன், பாரிஸ், சூரிக் பக்கமிருந்து நம்மவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். சந்தோஷம்தான். நானும் இந்தப் பக்கம் ஓடுகிறவன். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: வெள்ளைச் சாலையை, அதாவது இங்குள்ள தார் போடாத ஜல்லிச் சாலையை, விட்டு இறங்காதீர்கள். ஆப்பில் எந்தத் தடம் வந்தாலும், அதற்கு எத்தனை லைக் விழுந்திருந்தாலும் சரி.

இதை எழுதவைத்தது குழுக்களுக்குள் கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு ஜிபிஎஸ் தடம். பக்கத்து ஊரான சான் க்விரிகோவிலிருந்து விதலேத்தா சிற்றாலயத்துக்குப் போகிற வழியில், சாலை வளைகிற இடத்தில் வளையாமல், வயலுக்குள் நேராக இறங்கி ஏறுகிறது அது. மிச்சமாவது சில நூறு மீட்டர். யார் போட்டது என்பது இங்கே முக்கியமில்லை. போட்டவர் அறுவடை முடிந்த ஆகஸ்டில் ஓடியிருப்பார், அறுத்த பயிரின் அடித்தாள்தான் நின்றிருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஏப்ரலில் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஏப்ரலில் அங்கே நிற்பது பயிர். பாஸ்தாவுக்குப் போகிற கெட்டிக் கோதுமை, இலையுதிர் காலத்தில் விதைத்தது, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ அறுப்பார்கள். போட்டோவில் பார்த்தால் பச்சைப் பசேலென்று புல்வெளி மாதிரித்தான் இருக்கும். நாற்று நட்ட வயலில் ஷூவோடு இறங்க நம்மில் யாருக்காவது மனசு வருமா? இங்கே மட்டும் எப்படி வருகிறது? இப்போது அந்த இடத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று விழுந்துவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு அடி அகலத்துக்குத் தாள்கள் மடிந்து கிடக்கின்றன, நடுவில் ஓட்டக்காரர்கள் சாப்பிடும் எனர்ஜி ஜெல் பாக்கெட்டின் கிழித்த முனை.

பயிரை விடுங்கள், உங்கள் காலுக்காகவும் சொல்கிறேன். இந்த ஓர்ச்சா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கடலடி. குன்றுகளில் பெரும்பகுதி அந்தக் கடல் விட்டுப்போன சாம்பல் நிறக் களிமண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் வழுக்கும், சரியும். பியென்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோர்சின்யானோ என்ற சிற்றூராக இருந்ததை, அங்கே பிறந்து 1458இல் போப்பான இரண்டாம் பயஸ், கட்டடக் கலைஞர் ரொஸ்ஸெல்லினோவைக் கொண்டு புது நகரமாக மாற்றினார். 1462இல் பேராலயம் எழுந்தது. குன்றின் விளிம்பில் நிற்கும் அதன் பின்பக்கம் அன்றிலிருந்து இன்றுவரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. போப் கட்டியதையே தாங்காத மண், மழை பெய்த மறுநாள் உங்கள் குறுக்கு வழியை மட்டும் தாங்குமா? பத்தடி வைப்பதற்குள் இரண்டு ஷூவிலும் மண் அப்பி, கால் தூக்க முடியாமல் நிற்பீர்கள்.

வெள்ளைச் சாலைகள் அப்படியில்லை. சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்டு இறுக்கியவை. தண்ணீர் வடிந்துவிடும், மழை விட்ட கொஞ்ச நேரத்தில் ஓடலாம். பெரும்பாலும் குன்றின் முதுகோடு முதுகாகத்தான் போகும். சரிவில் போட்டால் மண்ணோடு போய்விடும் என்று பழையவர்களுக்குத் தெரியும். பண்ணை வீடுகளும் அதனால்தான் உச்சிகளில் நிற்கின்றன. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து போவதை அலங்காரம் என்று நினைக்கிறோம், அந்த வளைவில் பாதி மண் கேட்ட வளைவு. ஆப்பில் நேர்கோடு போடுகிறவருக்கு இது தெரியாது.

இந்தச் சாலைகள் தாரில்லாமல் மிஞ்சியதற்கும் ஒரு கதை உண்டு. விளைச்சலில் பாதி உழுகிறவனுக்கு, பாதி நிலக்காரனுக்கு என்ற வாரச் சாகுபடி முறை இங்கே நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு மண் சாலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உழுதவர்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1964இல் அந்த மாதிரி ஒப்பந்தம் புதிதாகப் போடக் கூடாது என்று சட்டமே வந்தது. வீடுகள் காலியாயின, சாலைகள் மிஞ்சின. பிறகு அவற்றையும் தார் போட்டு மூடிவிடுவார்களோ என்ற கவலை வந்தபோது, சியெனாவுக்கு வடகிழக்கே காயோலே ஊரில் ஜான்கார்லோ புரோச்சி என்பவர் 1997இல் பழைய சைக்கிள்களில் வெள்ளைச் சாலைப் பயணம் ஒன்றைத் தொடங்கினார். பெயர் லெரோயிக்கா. முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். 2007இல் தொழில்முறை சைக்கிள் பந்தயமும் வந்தது, ஸ்த்ராதே பியாங்கே, அதாவது வெள்ளைச் சாலைகள் என்றே இன்று அதற்குப் பெயர். சைக்கிள்காரர்கள் காப்பாற்றிக் கொடுத்ததில்தான் நாம் ஓடுகிறோம். கொஞ்சம் மரியாதை காட்டலாம்.

அடுத்தது நாய்கள். இதை மட்டும் எல்லாரும் கவனமாகப் படியுங்கள். காலியான பண்ணைகளுக்கு சார்தீனியா தீவிலிருந்து இடையர்கள் ஆடுகளோடு வந்து குடியேறினார்கள். பியென்சாவில் வாங்கி பையில் போட்டுக்கொண்டு போகிறீர்களே பெக்கொரீனோ சீஸ், அதற்குப் பின்னால் இருப்பது அந்த ஆடுகள். ஓநாய்களும் திரும்ப வந்துவிட்டன. ஆகவே மந்தையோடு பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும், மாரெம்மா இனம். ஆட்டுக்குட்டியோடு குட்டியாக வளர்ந்தவை, மந்தைதான் அவற்றுக்குக் குடும்பம். வேகமாக நெருங்கி வருவது ஓநாயானாலும் மனிதனானாலும் அவற்றுக்கு ஒன்றுதான். சாலையில் ஓடினால் தூரத்திலேயே பார்த்துவிடுவீர்கள், குரைப்பும் கேட்கும். வயலுக்குள் குறுக்கே போகிறவர் மேட்டைத் தாண்டியதும் மந்தைக்கு நடுவில் போய் நிற்பார். நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். கத்தாதீர்கள், கல்லெடுக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். மெல்லப் பின்வாங்கி, பெரிய சுற்றாகச் சுற்றிப் போங்கள். ஓட்ட வேகம் கெட்டால் கெட்டுப் போகட்டும்.

வேட்டை இன்னொன்று. பொதுவாக செப்டம்பர் மூன்றாம் ஞாயிறிலிருந்து ஜனவரி 31 வரை சீசன். சாலையிலும் பாதை முகப்பிலும் காட்டுப்பன்றி வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள், வாதாட வேண்டாம். இத்தாலியச் சிவில் சட்டம் 842ஆம் பிரிவின்படி, வேலி போடாத அடுத்தவர் நிலத்துக்குள் வேட்டைக்காரர் போகலாம். உங்களுக்கும் எனக்கும் அந்த உரிமை கிடையாது. எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நல்ல செய்தி, 1992ஆம் ஆண்டு 157ஆம் எண் சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்கு விடுமுறை. அக்டோபர், நவம்பரில் வருகிறவர்கள் நீண்ட ஓட்டத்தை அந்த இரண்டு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பன்றிகளைக் குறைக்கத் தனி ஆணையின் பேரில் சுடுவது வேறு கணக்கு, அதனால் எந்த நாளானாலும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

சரி, எங்கேதான் ஓடுவது? சான் க்விரிகோவிலிருந்து விதலேத்தா வழியாகப் பியென்சா. சாலையிலேயே போனாலும் 10–12 கிலோமீட்டருக்குள்தான். காலையில் சூரியன் எதிரே இருக்கும், தொப்பி அவசியம். ஊரெல்லாம் மேட்டில் இருப்பதால் இங்கே எந்த ஓட்டமும் இறங்கித்தான் தொடங்கும், ஏறித்தான் முடியும். தொடக்கத்தில் வரும் நல்ல நேரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பியென்சா 491 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓர்ச்சா ஆறு அதற்கு ஏறக்குறைய 200 மீட்டர் கீழே. ஆறு வரை இறங்குகிறவர் அத்தனையையும் கடைசியில் ஏறியாக வேண்டும். கால் தளர்ந்தால் ஊருக்குக் கீழேயுள்ள பழைய கோர்சின்யானோ கோயிலடியில் நின்று மூச்சு வாங்குங்கள், போப்புக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம். அங்கிருந்து மேலே போகும் ஏற்றத்தை நடந்தே ஏறினாலும் யாரும் கேலி செய்யமாட்டார்கள்.

இன்னொரு நாள் மொன்திக்கியெல்லோ. மதில் சூழ்ந்த சின்ன ஊர். 1967 முதல் கோடைதோறும் ஊர்க்காரர்களே எழுதி ஊர்க்காரர்களே நடிக்கும் நாடகம் நடக்கிற இடம். மாலை ஓட்டத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பியென்சாவுக்கும் சான் க்விரிகோவுக்கும் நடுவிலுள்ள தார்ச் சாலையில் மட்டும் கூட்டமாக ஓடாதீர்கள். நடைபாதை கிடையாது, கார்கள் வேகமாக வரும். வேறு வழியில்லாமல் ஓட நேர்ந்தால் இடது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக. இத்தாலியில் வண்டி வலப்பக்கம் போகும் என்பது லண்டன்காரர்கள் கவனத்துக்கு. ஜூலை, ஆகஸ்டில் வெள்ளைச் சாலையில் ஒரு கார் போனாலே முகமெல்லாம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும், வெயிலும் தாங்காது. ஏப்ரல், மே, அக்டோபர்தான் நம் மாதங்கள். தண்ணீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், இடையில் கடை கிடையாது. குழாயின் மேல் ‘நோன் பொதாபிலே’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

இனி குழுக்களின் அட்மின்களுக்கு. அந்தப் பழைய விதலேத்தா தடம் உங்கள் பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ‘வயல் வழி, போகாதீர்கள்’ என்று கீழே குறிப்பு எழுதினால் போதாது, குறிப்பை யாரும் படிப்பதில்லை, கோட்டைத்தான் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். பதிலுக்கு வளைவோடு சேர்த்து ஓடிய தடத்தைப் போடுங்கள். என்னிடம் இருப்பதைக் கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
இந்தப் பக்கம் ஓடும் ஒரு தமிழன்