ஓர் எஞ்சின், ஒன்பது பட்டறைகள்: 2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, வாரம் முழுக்க வேலைக்குப் போய்வந்து ஞாயிற்றுக்கிழமையைப் பட்டறைக்குக் கொடுக்கும் சக உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் இயங்கும், வீட்டுப் பட்டறையில் சிறிய எஞ்சின்களைச் செய்து ஓட்டும் நம் மாதிரி எஞ்சின் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 21 பேராக இருந்தோம், இப்போது 24 பேர். இரண்டாம் ஞாயிறு கூட்டம் தீபாவளி மாதம் தவிர எல்லா மாதமும் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் பேச வேண்டியது நாம் சேர்ந்து செய்த அந்த ஓர் எஞ்சினைப் பற்றி.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவு நினைவிருக்கும். ஆளுக்கொரு எஞ்சின் தொடங்கிப் பாதியில் நிற்பதை விட, எல்லோரும் சேர்ந்து ஒன்றை ஓடவைப்போம் என்றோம். எந்த வகை என்பதில்தான் இரண்டு கூட்டங்கள் போயின. மாதிரி விமானங்களில் வரும் குளோ பிளக் எஞ்சின் எளிது, பொறி உண்டாக்கும் காயிலோ பாயிண்ட்டோ வேண்டாம் என்று சிலர் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு எரிபொருள் மெத்தனால். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தால். அந்தப் பொருளை ஒரு வீட்டுப் பட்டறை அலமாரியில் கூட நம் சங்கத்தின் பெயரால் வைக்கக் கூடாது என்று நான் வாதாடினேன், இன்றும் அதே கருத்துதான். மாதிரி அளவிலான சிறிய டீசல் எஞ்சினுக்கு ஈதர் வேண்டும். அதுவும் சட்டென்று தீப்பற்றும் சரக்கு, வீட்டில் வைக்கத் தக்கதல்ல. ஆகவே பெட்ரோலில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்று முடிவானது. அதிலும் பழைய 'ஹிட் அண்ட் மிஸ்' வகை.

புதிய உறுப்பினர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். அதில் காற்றை உள்ளே விடும் வால்வை எந்த கேமும் (சுழன்று வால்வைத் தள்ளும் மேடு) தள்ளுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே அதைத் திறக்கும். டைம்லரின் தொடக்ககால எஞ்சினும் டெ டியான் எஞ்சினும் அப்படித்தான் மூச்சு வாங்கின. வேகம் மிஞ்சினால், ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தில் உள்ள, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எடைகள் விரிந்து ஒரு கொக்கியைத் தள்ளும், எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடியே நிற்கும். அப்போது உறிஞ்சல் இல்லை, எரிபொருளும் உள்ளே வராது. ஃப்ளைவீலின் ஓட்டத்தில் சில சுற்றுகள் சும்மா சுழன்று, வேகம் குறைந்ததும் மறுபடி ஒரு வெடி. மெதுவாக ஓடுவதால் கண்ணால் பார்த்தே ஒவ்வொரு உறுப்பின் வேலையையும் புரிந்துகொள்ளலாம். நான் இதை விரும்பியதற்கு அதுவே காரணம்.

சிலிண்டர் உள்விட்டம் 24 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 36 மில்லிமீட்டர், கொள்ளளவு 16.3 சிசி. வேலையை ஒன்பது வீட்டுப் பட்டறைகளுக்குப் பிரித்தோம். சிலிண்டர் பீளமேட்டுக்கு, பிஸ்டனும் ரிங்கும் சிங்காநல்லூருக்கு, பல்சக்கரங்கள் ஒண்டிப்புதூருக்கு, கார்ப்பரேட்டர் வடவள்ளிக்கு. கிராங்க் ஷாஃப்ட் என் பொறுப்பு. பிரித்துக் கொடுத்த பட்டியலும் நான் எழுதியதே. அதில் நேர்ந்த குறையையும் நானே சொல்வதுதான் முறை.

வரைபடத்தில் சிலிண்டருக்கும் 24, பிஸ்டனுக்கும் 24 என்று போட்டு, 'ரன்னிங் ஃபிட்', அதாவது தடையின்றி நகரும் பொருத்தம், என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஏப்ரல் கூட்டத்தில் இரண்டையும் மேசையில் வைத்தபோது பிஸ்டன் வாயோடு நின்றுவிட்டது. பீளமேட்டு நண்பரும் அளந்துதான் கடைந்திருந்தார், சிங்காநல்லூர்க்காரரும் அளந்துதான் கடைந்திருந்தார். இரண்டு மைக்ரோமீட்டரையும் ஒரே ஸ்லிப் கேஜில் (துல்லியமான அளவு கொண்ட எஃகுக் கட்டை) வைத்துப் பார்த்தோம். ஒன்று 0.02 மில்லிமீட்டர் தள்ளிக் காட்டியது. தனியாக வேலை செய்யும்வரை அது யாருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஒரே ஆள் ஒரே கருவியால் இரண்டையும் அளந்தால் அந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாக ஏறிக் கழிந்துவிடும். பட்டறைகள் பலவான அன்றே அளவுகோல் ஒன்றாக வேண்டும் என்பதை நான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

அதன்பிறகு ஒழுங்கை மாற்றினோம். முதலில் சிலிண்டர். உள்ளே செருகித் தேய்க்கும் உருளையான அலுமினிய லேப்பில் கார்பொரண்டம் பேஸ்ட் பூசி, மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம் வரும்வரை தேய்த்தார் பீளமேட்டு நண்பர். அவர் அந்த சிலிண்டரையே சிங்காநல்லூருக்கு எடுத்துப் போய்க் கொடுக்க, அதற்கு ஏற்றபடி புதுப் பிஸ்டன் கடையப்பட்டது. பிஸ்டனும் வார்ப்பிரும்பே. அலுமினியம் சூட்டில் இரு மடங்கு விரியும், அதற்கென்று கூடுதல் இடைவெளி விட வேண்டியிருக்கும். நம் எஞ்சின் வேகம் குறைவு, கனம் ஒரு பொருட்டல்ல.

ரிங் செய்த முறையைப் பதிவு செய்ய விரும்புகிறேன், கேட்டவர்கள் பலர். ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் வளையமாகக் கடைந்து வெட்டி எடுத்ததை ரம்பத்தால் அறுக்கவில்லை, கீறல் போட்டு உடைத்தார். அறுத்தால் அறுத்த அகலம் போய்விடும், உடைத்தால் இரண்டு முனையும் பொருந்தி நிற்கும். பிறகு வாயை விரித்து ஒரு துண்டு இரும்பைச் செருகி, பிடிப்பானில் அடைத்து, மங்கிய செந்நிறம் வரும்வரை சுடவைத்து மெல்ல ஆறவிட்டார். விரிந்த நிலையிலேயே அது தங்கிவிடுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தி வைக்கும்போது சுற்றிலும் சமமாக முட்டுகிறது. பின் முனை இடைவெளியை 0.1 மில்லிமீட்டருக்கு அரம்போட்டு நிறுத்தினார். ஆறு செய்ததில் இரண்டு உடைந்தன, நான்கு நின்றன.

என் கிராங்க் ஷாஃப்ட் முதல்முறை வீணானது. பளபளப்பான பிரைட் பாராக ஈஎன் 8 வகை எஃகு வாங்கி, நடுவில் வெட்டி எடுத்தேன். குளிர்நிலையில் இழுத்த கம்பியின் மேல்தோலில் இறுக்கம் அடைபட்டிருக்கும், ஒரு பக்கத் தோலை எடுத்தால் மறுபக்கம் இழுக்கும். சென்டரில் போட்டுச் சுற்றியபோது டயல் 0.15 மில்லிமீட்டர் ஆடியது. இரண்டாம் முறை கருப்பு பாரில் முரட்டு அளவுக்கு வெட்டி, நார்மலைஸ் செய்து, அதாவது சுடவைத்துக் காற்றில் ஆறவிட்டுக் கொண்டுவந்து, பிறகே கடைசி அளவுக்குக் கடைந்தேன். கடைசல் இயந்திரத்தின் டெயில்ஸ்டாக் அழுத்தத்தில் ஷாஃப்டின் கைகளான வெப்கள் உள்ளே நெருங்காதபடி நடுவில் ஒரு கட்டை இறுக்கிவைத்ததும் உதவியது.

பல்சக்கரம் 24 பல்லுக்கு 48 பல். வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் கருவியான டிவைடிங் ஹெட்டில் 48 பல்லுக்கு 18 துளை வட்டத்தில் 15 துளை நகர்த்த வேண்டும். ஒண்டிப்புதூர் நண்பர் சக்கரம் பாதி போனபோது வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் எண்ணிக்கை தவறி, கடைசிப் பல் மெலிந்துவிட்டது. மறுபடி செய்தார். அந்த வேலை நடக்கையில் கைபேசியை அணைத்துவைப்பது நல்லது.

ஃப்ளைவீலைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. இரண்டுக்கும் தேக்கில் பேட்டன், அதாவது வார்ப்புக்கான மர மாதிரி, செதுக்கியவர் நம் மூத்த உறுப்பினர், 60 ஆண்டுகள் பேட்டன் வேலை பார்த்தவர். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அந்தக் கணக்கும், கடைசலுக்கான மூன்று மில்லிமீட்டரும், மணலிலிருந்து பிடுங்க வேண்டிய சரிவும் சேர்த்து, தாளில் எதுவும் எழுதாமல் செய்து கொடுத்தார். வார்ப்படத்தில் ஓர் ஓட்டை இல்லை. ஜூலையில் அவர் காலமானார். எஞ்சின் ஓடியதை அவர் பார்க்கவில்லை. பேட்டன்களை அவர் வீட்டார் சங்கத்துக்கே தந்திருக்கிறார்கள். அவருக்காக எழுந்து நின்று இரண்டு நிமிட மௌனம் காக்க வேண்டுகிறேன்.

ஆகஸ்டில் பூட்டி முடித்தோம். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் அது ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, கை வலிக்கச் சுற்றினாலும் ஒன்றுமில்லை. காயிலை மாற்றினோம், கண்டென்சரை மாற்றினோம், கார்ப்பரேட்டரை மூன்றுமுறை கழற்றினோம். இங்கேதான் கணபதிப் பகுதியிலிருந்து வரும் நம் புதிய உறுப்பினருக்கு நன்றி சொல்ல வேண்டும். டூல் அண்ட் டை படித்த அந்தத் தங்கை, "அண்ணா, முதல்ல காத்து எங்க போகுதுன்னு பாப்போம்" என்றார். பிளக் துளை வழியாகச் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றச் சொன்னார். ரிங்கில் கசிவு என்றால் எண்ணெய் அதை அடைத்து, கையில் இறுக்கம் கூடும். கூடவில்லை. அப்படியானால் வால்வு.

ஹெட்டைக் கழற்றி, வால்வுக்குப் பின்புறத் துளையில் சிரிஞ்சைச் செருகி இழுத்தார். வால்வு நன்றாக மூடினால் சிரிஞ்சுத் தண்டு எளிதில் வராது, விட்டால் உள்ளுக்கே இழுபடும். இதில் வழுக்கிக்கொண்டு வந்தது. நாம் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே, வால்வு அமரும் விளிம்பான சீட்டை அகலமாக்கிவிட்டிருந்தோம். அகலமான சீட்டில் மெலிந்த ஸ்பிரிங்கின் அழுத்தம் பரவிப்போய் எங்கும் இறுகுவதில்லை. வால்வுத் தண்டு நகரும் கைடு துளையையே வழிகாட்டியாகக் கொண்டு கையால் சுற்றும் 45 பாகை கட்டர் செய்து, சீட்டை 0.4 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறைத்தார். பேஸ்ட் தொடவே இல்லை. சிரிஞ்சுத் தண்டு இப்போது வழுக்கவில்லை. எரியறையின் அளவையும் எண்ணெய் நிரப்பி அளந்தோம்: 4.1 சிசி, அதாவது அழுத்த விகிதம் ஏறக்குறைய 5.

நவம்பர் 9, ஞாயிறு காலை கூட்டத்தில், நான்காவது சுற்றில் வெடித்தது. ஓடவும் செய்தது. ஆனால் விட்டுவிட்டு ஓடாமல் தட்டுத்தடுமாறியது. உள்வால்வின் ஸ்பிரிங் கடினம், உறிஞ்சலுக்குச் சரியாகத் திறக்கவில்லை. வடவள்ளி உறுப்பினரின் மகள் வீணை கற்கிறாள். மாற்றிப்போட்ட சாரணித் தந்தியைச் சுற்றி ஸ்பிரிங் செய்ததும் மூச்சு சீரானது. இப்போது நிமிடத்துக்கு 500 சுற்றில் நிற்கிறது. கிணற்றடி எஞ்சின் சத்தத்தில் வளர்ந்த மூத்தவர்கள் சிலர் அன்று வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பெட்ரோல் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். ஆகவே பழைய வரைபடங்கள் சொல்லும் அளவை விட, பெட்ரோலை விடும் கார்ப்பரேட்டர் ஊசியைச் சற்றுக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருந்தது. அது ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் தொட்டியில் விட்டுவைத்ததில் அடியில் தண்ணீர் பிரிந்து, ரப்பர் வளையமும் ஊதிப்போனது. ஓட்டி முடித்ததும் தொட்டியைக் காலி செய்யுங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

செப்டம்பரில் அவிநாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த 300 ரூபாயில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டிய கதையை உடன் வந்த பிள்ளைகளுக்குச் சொன்னோம். நம் எஞ்சின் வாய் திறக்காமல் இருந்த மாதம் அது. எனக்கும் அந்தக் கதை அன்று வேண்டியிருந்தது.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒன்று, சங்கத்துக்கென ஒரு ஸ்லிப் கேஜ் பெட்டி வாங்குவது, ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருடைய மைக்ரோமீட்டரையும் அதில் ஒப்பிட்டு, பிழையைப் பெட்டியின் மீதே எழுதி ஒட்டுவது. இரண்டு, வரைபடத்தில் ஒன்றோடொன்று பொருந்தும் ஒவ்வோர் உறுப்புக்கும் எது முதலில், எது அதைப் பார்த்து, எவ்வளவு இடைவெளி என்று எழுதுவது. திருத்திய வரைபடத்தை நானே மார்ச்சுக்குள் முடித்துத் தருகிறேன். மூத்தவர் தந்த பேட்டன்களில் இன்னும் மூன்று ஜோடி ஃப்ளைவீல் வார்க்க ஏற்பாடு செய்துவிட்டேன், வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்