அறத்துக்கு விடைக்குறிப்பு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்விப் பக்கத்தில், ‘மாணவரின் அறச்சிந்தனையைப் பத்தே கொள்குறி வினாக்களில் துல்லியமாக அளந்துவிடலாம்’ என்றொரு வரி கண்டேன். சென்னைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்தும் இத்தனை எளிய வழி எனக்குத் தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருக்கிறது.

அறச்சிந்தனையின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்த அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க்கைப் பற்றித் தாங்கள் அறியாததில்லை. சாகக் கிடக்கும் மனைவிக்காக மருந்தைத் திருடலாமா என்ற அவருடைய கேள்விக்கு ‘திருடலாம்’ என்பவரும் ‘கூடாது’ என்பவரும் ஒரே படிநிலையில் அமையலாம். சொல்லும் காரணத்துக்குத்தான் அங்கே மதிப்பு. அந்த ஆய்வே ஆண் பிள்ளைகளை மட்டும் வைத்துத் தொடங்கியதல்லவா என்று 1982-இல் உளவியலாளர் கேரல் கில்லிகன் கேட்டார். அவர்களெல்லாம் தயங்கிய இடத்தைத் தங்கள் கட்டுரையாளர் அ, ஆ, இ, ஈ போட்டுக் கடந்துவிட்டார்.

எட்டாம் வகுப்பு நீதிபோதனைத் தேர்வில் ஒருமுறை, வழியில் கிடந்த பணப்பையை என்ன செய்வாய் என்று கேட்டிருந்தோம். ‘காவல் நிலையத்தில் ஒப்படைப்பேன்’ என்று ஏறத்தாழ வகுப்பு முழுவதும் எழுதியிருந்தது; விடைக்குறிப்பும் அதுவே. ஒரு மாணவன் மட்டும், ‘முதலில் எண்ணிப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் வாடகை பாக்கி, அதனால் ஒரு நாள் வைத்திருப்பேன். தொலைத்தவர் வீட்டிலும் பாக்கி இருக்குமே என்று மறுநாள் கொடுத்துவிடுவேன்’ என்று அடித்துத் திருத்தி எழுதியிருந்தான். அவனுக்கு ஐந்துக்கு ஒன்று போட்டவள் நான்தான்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் (சி.பி.எஸ்.இ.) 2009-இல் வந்த தொடர் மதிப்பீட்டு முறையில் மாணவரின் மனப்பான்மைக்கும் விழுமியங்களுக்கும்கூடத் தரக்குறியீடு போடச் சொன்னார்கள். நாற்பது பிள்ளைகளின் விழுமியங்களை ஒரே மாலையில், தேநீர் ஆறுவதற்குள் நிரப்பிக் கொடுத்தோம். 2017-இல் அம்முறையே போயிற்று. நீதிபோதனை வகுப்போ, திருப்புதல் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியருக்குத்தான். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கு 250 மதிப்பெண்ணில் தனித்தாள் வைத்திருக்கிறார்கள். அதன் சிக்கல் வினாக்களுக்கும் மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை அண்ணா நகரில் நாள்தோறும் பார்க்கிறேன்.

கட்டுரையாளரிடமிருந்து அந்தப் பத்து வினாக்களையும் விடைக்குறிப்பையும் பெற்று வெளியிட வேண்டுகிறேன். என் மாணவனின் விடைக்கு அவர் எத்தனை மதிப்பெண் போடுவார் என்பதையும் ஓரமாக அச்சிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பெரம்பூர், சென்னை.