வரும்போது ஒரு வெறும் பை கொண்டு வா

அன்புள்ள வதனி,

உன் கடிதம் போன கிழமை வந்தது. மே மாதக் கலியாணத்துக்குக் கல்கரியிலிருந்து இரண்டு பேருமே வருகிறீர்கள் என்றதும் இவருக்குச் சரியான சந்தோஷம். 304 கடதாசி விளையாட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று அன்றிலிருந்து கடதாசிக் கட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். என் முழங்கால் நோ அப்படியேதான். ஆனாலும் பனி கரைந்ததும் தோட்டத்தில் இறங்கிவிட்டேன். அதைத் தடுக்க இந்த வீட்டில் ஆளில்லை.

நீ டெய்சிப் பூ விதை கேட்டிருந்தாய். விதை வேண்டாம், கன்றாகவே தருகிறேன். விதை போட்டால் முதல் வருஷம் பெரும்பாலும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். எங்கள் வயதுக்கு அந்தப் பொறுமை எதற்கு? என்னிடம் இருப்பது ஷாஸ்டா டெய்சி. அதிலே 'பெக்கி' என்றும் 'அலாஸ்கா' என்றும் இரண்டு வகை நிற்கின்றன. பெக்கிக்குத் தண்டு உறுதி, காற்றுக்குச் சாயாது. குளிரை அதிகம் தாங்குவது அலாஸ்கா. உங்கள் ஊரில் நடுக் குளிரில் சூடான சினூக் காற்று அடித்து, பனி கரைந்து, மறுபடி உறையுமே, அதற்கு அலாஸ்காதான் சரி.

இது கொடுத்தால்தான் நிற்கும் செடி, வதனி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருக்கால் கிளப்பிப் பிரிக்காவிட்டால் புதருக்கு நடுவே கட்டைபோல் காய்ந்துபோய், சுற்றிவர மட்டும் துளிர் நிற்கும். துளிர் மூன்று நான்கு அங்குலம் வந்ததும் முழுப் புதரையும் கிண்டி எடுத்து, பழைய பாண் வெட்டும் கத்தியால் அறுப்பேன். நடுக்கட்டை குப்பைக்கு. ஓரத் துண்டு ஒவ்வொன்றிலும் நாலைந்து துளிராவது இருக்க வேண்டும். ஒரு புதர் அரை டசின் ஆகிவிடும். என் வளவில் அதற்கெல்லாம் எங்கே இடம்? தெருவில் யார் கண்ணில் பட்டாலும் ஒரு துண்டு கொடுத்துவிடுவேன்.

பக்கத்து வீட்டுக் கிரேக்க அம்மாதான் எனக்கு முதல் துண்டு தந்தவர். அவர் வீடு விற்றுப் போனதும் வாங்கினவர்கள் பாத்தி முழுவதும் கல் பதித்துவிட்டார்கள். பிறகு ஒரு குளிரில் மழையும் பனியும் மாறி மாறி வந்து, எங்கள் ஸ்காபரோக் களிமண்ணில் தண்ணீர் நின்று, என் டெய்சியும் அழுகிவிட்டது. டெய்சி குளிரில் சாவதை விட ஈரத்தில் சாவதுதான் அதிகம். தெருமுனைப் பிள்ளைக்கு நான் கொடுத்திருந்த துண்டு அவளிடம் செழித்து நின்றது. அதில் பாதியை வெட்டித் தந்தாள். இப்போது நிற்பது அதன் பிள்ளைகள். கொஞ்சம் கொம்போஸ்ட் கலந்து மேடாக்கி நட்டிருக்கிறேன், நீயும் அப்படியே செய்.

ஆனால் உன் மருமகள் நெடுஞ்சாலை ஓரத்தில் பிடுங்கிக் கொண்டுவந்து நட்டாள் என்றாயே, அதுதான் எனக்குப் பயம். அது ஒக்ஸ்-ஐ டெய்சியாக இருக்கும். உங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தில் அது சட்டப்படி களை, வைத்திருப்பவர்கள் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். பூ சின்னது, அடி இலை வெட்டு வெட்டாக இருக்கும். ஷாஸ்டாவின் இலை நீளமாக, தடிப்பாக, ஓரத்தில் பல் மட்டும் இருக்கும். காட்டுப்பூ விதைக் கலவைப் பாக்கெட்டுகளிலும் அது ஒளிந்து வரும், பார்த்து வாங்கு. இதிலே வேடிக்கை, ஷாஸ்டாவுக்கு அந்தக் களைதான் பாட்டி. கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்பவர் அதை ஐரோப்பிய டெய்சிகளோடு கலந்து, வெள்ளை இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று கடைசியில் ஜப்பான் டெய்சியையும் சேர்த்து, 15 வருஷத்துக்கு மேல் மினக்கெட்டு 1901இல் வெளியிட்டார். எங்கள் ஊர் வாய்க்கால் ஓரத்துக் கையாந்தகரையும் இந்தக் குடும்பம்தான். எண்ணெய் காய்ச்ச அம்மா பிடுங்கி வரச் சொல்வாரே, அதே வெள்ளைப் பூ.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மணம் நன்றாக இராது. சாமிப் படத்துக்கு வைக்கலாம் என்று நினைக்காதே. மேசையில் இந்தப் பூ ஜாடியை வைத்தாலே இவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ரீவிக்கு முன்னால் போய்விடுவார்.

கன்றுகளை மண்ணோடு தரமாட்டேன். இங்கே பாய்கிற மண்புழு ஒன்று பரவுகிறது. தொட்டால் பாம்புபோல் துள்ளும், மேல்மண்ணைக் கோப்பிச் சக்கை மாதிரி ஆக்கிவிடும். பெரிய புழு குளிரில் செத்தாலும் முட்டைக்கூடு தப்பிவிடும், மண்ணுக்குள் அது கண்ணுக்கும் தெரியாது. அதனால் வேரை நன்றாகக் கழுவி, ஈரப் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவேன். வீட்டுக்குப் போனதும் சேலை மடிப்பதையெல்லாம் பிறகு பார், அன்றைக்கே நட்டுவிடு. ஒன்றரை அடி இடைவெளி, முன்பிருந்த அதே ஆழம், முதல் சில கிழமை தண்ணீர். பசளை அதிகம் போடாதே, தண்டு வளர்ந்து சாயும். வாடின பூவை வெட்டிக்கொண்டே இருந்தால் பூப்பு நீளும்.

உன் வளவில் மத்தியானத்துக்குப் பிறகு வெயில் எந்தப் பக்கம் விழும் என்று எழுது. விமானம் எத்தனை மணிக்கு என்றும் எழுது, இவர் ஒரு மணித்தியாலம் முன்பே போய் நிற்பார். வெறும் பையை மறக்காதே. மற்றதெல்லாம் நேரில் கதைப்போம்.

அன்புடன்,
கமலா